பாசிக்கும் பவளத்துக்கும் ஒரே ஷேடு

என் கடல்மீன் தொட்டியில் பச்சைப் பாசி மண்டிக்கிடக்கும் கதைதான் இந்த மீன்தொட்டிக் குழுவில் உங்கள் எல்லோருக்கும் தெரியுமே.

இன்று காலை கிளம்புகிற அவசரத்தில் பாறையிலிருந்து கொஞ்சம் பாசியைக் கிள்ளி மனைவி கையில் கொடுத்தேன்.

"இந்த ஷேடுல இருக்கறதெல்லாம் எடுத்துரு கண்ணு."

எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் அவள் பொறுப்பு. துணியின் நிறம் சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

மதியம் வந்து பார்த்தால் பாறை பளிச்சென்று இருந்தது. வாளியில் பாசியோடு பாசியாக, ஆசையாக வாங்கிய என் பச்சைப் பவளமும் கிடந்தது.

கத்திவிட்டேன்.

"நீங்க ஷேடுதானுங்க காட்டுனீங்க. அதுக்கு உசுரு இருக்குன்னு சொல்லலீங்களே."

உப்புத் தண்ணீரில் அவள் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. அதுவரை சாப்பிடவும் இல்லையாம். சொல்லாமல் விட்டது நான். திட்டு வாங்கியது அவள்.

நல்லவேளை, வாளியிலும் தொட்டித் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தாள். பவளத்தைத் திரும்பப் பாறை இடுக்கில் செருகி வைத்திருக்கிறேன். அது இன்னும் பூப்போல விரியவில்லை. அவளும் இன்னும் பேசவில்லை.

பவளத்துக்கு வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வீர்கள். கல்யாணமானவர்கள் மட்டும் மற்றதற்குச் சொல்லுங்கள்.