குதிரையிலிருந்து விழுந்த இடுப்பு

எங்கள் ஊர் கோச்கோரில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை என் இடுப்பு வலிதான். இளவயதில் நான் கோக்-போரு ஆடியவன். குதிரைமேல் பாய்ந்தபடியே செத்த ஆட்டின் உடலைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். ஒரு மோதலில் குதிரையோடு சேர்ந்து விழுந்தேன். விழுந்த கையோடு எழுந்து, அன்று மாலையே புளித்த குதிரைப்பாலான குமிஸை வயிறு முட்டக் குடித்தேன். அதன்பிறகு பல வருடங்கள் இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டியபின் ஒருநாள் பிடித்துக்கொண்டது. காரணத்தை நான் யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே, அந்த விழுதல்!

விருந்துகளில் உட்காரும்போது "ஆ" என்று ஒரு சத்தம் கொடுப்பேன். யாராவது "என்ன சாத்திபல்தி?" என்று கேட்டுவிட்டால் போதும். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் குதிரை கொஞ்சம் உயரமாகும்; எதிராளிகள் இரண்டு பேர் கூடுவார்கள்.

வைத்தியமும் குறைவில்லை. நாய் முடியில் நெய்த பட்டையைக் கட்டினேன். வளைக்கரடிக் கொழுப்பைத் தடவிக்கொண்டேன். அந்த நாற்றம் தாங்காமல் மனைவி ஜூராகான் வேறு அறையில் படுத்தாள். எலும்பு கட்டுகிறவர் ஒருவர் என் முதுகின்மேல் ஏறி நின்றார். எல்லாவற்றுக்கும் இரண்டு நாள் குணம் தெரியும், பிறகு வலி திரும்பி வரும். வராவிட்டால் எனக்கும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

வலியோடு வேலை செய்யலாமா? தண்ணீர் சுமப்பதை விட்டேன், விறகு பிளப்பதை விட்டேன், மாடு பார்ப்பதை விட்டேன். எல்லாம் ஜூராகான் பார்த்துக்கொண்டாள். நான் சோபாவில் சாய்ந்து டிவியில் மல்யுத்தம் பார்த்தேன்.

இந்த வசந்தத்தில் ஒருநாள் சோபாவிலிருந்து எழ முடியவில்லை. ஜூராகான் என்னைக் கம்பளம்போல உருட்டி எடுத்து, ஷேர் டாக்சியில் போட்டு நாரின் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் மைராம்குல் சின்ன வயதுப் பெண். அழுத்தினாள், காலைத் தூக்கினாள், முழங்காலில் சுத்தியலால் தட்டினாள், நுனிக்காலில் நடக்கச் சொன்னாள். சர்க்கஸ் கரடிபோல நடந்து காட்டினேன். பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எலும்பெல்லாம் உங்க வயசுக்கு நல்லாவே இருக்குண்ணே."

"நல்லாப் பாரும்மா. குதிரையிலருந்து விழுந்த தடம் இருக்கும்."

"எந்தப் பக்கமா விழுந்தீங்க?"

"இடது பக்கம்."

"வலி எந்தப் பக்கம்?"

"வலது."

ஜூராகான் தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, ஒரு நாள் முழுக்க என்னண்ணே செய்வீங்க?"

"என்னத்தம்மா... வீடு, மாடு, விறகுன்னு..."

"விறகா?" ஜூராகானால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "டாக்டரம்மா, இவரு விறகைப் பாத்தே ரெண்டு வருஷமாச்சு. காலையில டீ சோபாவுல. மத்தியானம் கறி சோபாவுல. பாதி நாள் ராத்திரியும் அங்கதான். சோபாவுல இவரு உருவத்துக்கே ஒரு பள்ளம் விழுந்து கிடக்கு!"

"வலி இருக்குன்னு ஓய்வு எடுத்தேம்மா," என்றேன்.

"அந்த ஓய்வுதாண்ணே வியாதி," என்றாள் டாக்டர். "முதல்ல சும்மா சதை பிடிச்சிருக்கும். கொஞ்ச நாள்ல தானா போயிருக்கும். நீங்க படுத்துப் படுத்து அதைச் சோறு போட்டு வளத்திருக்கீங்க. முதுகுச் சதைக்கு வேலையே இல்ல, தளந்துபோச்சு. முன்னாடி வயிறு இழுக்குது. கீழ சோபா குழியுது. பாவம், இடுப்பு என்ன செய்யும்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கெஞ்சினேன்.

"ஒரு டிஸ்க்காவது விலகியிருக்குன்னு எழுதக்கூடாதாம்மா? சின்னதா போதும். ஊர்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"சோபான்னு சொல்லுங்க."

மாத்திரை கொஞ்சம்தான் கொடுத்தாள். குனிந்து நிமிரச் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். தினமும் நடக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் ஜூராகான் சோபாவை இழுத்துக் கொட்டகையில் போட்டாள். இழுப்பதில் நானும் ஒரு கை கொடுத்தேன். என் சவப்பெட்டிக்கு நானே தோள் கொடுப்பதுபோல இருந்தது.

எங்கள் தெருவில் மாடுகளை ஒவ்வொரு வீடும் முறைபோட்டு மேய்க்கும். எங்கள் முறை வந்தபோது ஜூராகான் கம்பை என் கையில் திணித்தாள்.

"குதிரையைக் கொண்டா," என்றேன்.

"டாக்டர் உங்களத்தான் நடக்கச் சொன்னாங்க. குதிரை நல்லாத்தான் இருக்கு."

மேட்டில் ஏறியதும் நாக்கு தள்ளியது. புல்லில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் பாதி மாடுகள் எங்கள் தெரு தாமிரா அக்காவின் குதிரைமசால் தீவன வயலில் நிற்கின்றன. கம்பைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடினேன். வேலியைத் தாண்டினேன், மாடுகளைத் துரத்தினேன், வழுக்கி விழுந்து எழுந்தேன். இடுப்பு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

தாமிரா அக்கா வயல் நடுவே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏண்டா சாத்திபல்தி, முதுகு ஒடஞ்சவன்னு ஊரே பரிதாபப்படுது. நீ என்னடா கன்னுக்குட்டி மாதிரி துள்ளுற?"

வலி ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் தொடை, கெண்டைக்கால் என்று எனக்கு இருப்பதே மறந்துபோன இடங்களெல்லாம் வலித்தன. கோடை முடிவதற்குள் இடுப்பு முக்கால்வாசி அடங்கிவிட்டது. குளிர்ந்த காலையில் மட்டும் கொஞ்சம் முனகும்.

ஆனால் டாக்டர் சொன்னதை ஜூராகான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது யார் வீட்டு மாட்டு முறை வந்தாலும் காலையில் என் கதவுதான் தட்டப்படுகிறது. "உங்க உடம்புக்கு நல்லதுண்ணே" என்று கம்பைக் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.