நிர்வாகம் என்று வந்த சீட்டு

சட்டக் கல்லூரியை நகரத்திலிருந்து பெயர்த்துத் திருவள்ளூர் பக்கத்து வயல்வெளியில் கொண்டுவந்து வைத்தபோது, பழைய பீரோவைப் போல நானும் கூடவே வந்து சேர்ந்தேன். கட்டடம் புதுசு, சுற்றிலும் வெயில் மட்டும்தான். ஆனாலும் வகுப்பு நிரம்பியிருந்தது. சமீபமாகத்தான் பெஞ்சுகள் காலியாகின்றன. பாதிப் பேர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள்; கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஒரு ஷிப்டை நிறுத்தினால் என் வகுப்பிலும் சில தலைகள் குறையும். கடல் தாண்டிப் போர் வரப்போகிறது என்று டிவி கத்தியது. வராத போருக்கே இங்கே ஆளைக் குறைத்தார்கள்.

இறுதியாண்டில் ஒருவன் இருந்தான். பொன்னேரிப் பக்கத்துக் கிராமம். ராத்திரி இரும்பு ஆலையில் வெல்டர், பகலில் மாணவன். ரயில் மாறி வந்து முதல் வகுப்பில் தூங்குவான். நான் திட்டுவேன், மறுநாளும் தூங்குவான். அவன் குடும்பத்தில் கறுப்புக் கோட்டு போடப்போகும் முதல் ஆள் அவன்தான்.

மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்தில் யார் எந்தத் தரப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். வந்த சீட்டை மாற்றக் கூடாது. அந்த வருட வழக்கு, போர் அபாயத்தைக் காரணம் காட்டி மூடப்படும் ஓர் ஆலை. அவனுக்கு ‘நிர்வாகம்’ வந்தது.

“இன்னா மேடம், என்னப் போயி மொதலாளி ஆக்கிட்டீங்க?” என்று சிரித்தான்.

ஆனால் வாதாடினான் பாருங்கள்! போர் யார் கையிலும் இல்லை, அது நிச்சயம் வரும், கப்பல் போகாத கடலுக்கு நிர்வாகம் எப்படிப் பொறுப்பாகும் என்று வெளுத்து வாங்கினான். பரிசு அவனுக்கே. நானும் கைதட்டினேன்.

அடுத்த மாதமே அவனுடைய ஆலையை மூடிவிட்டார்கள். நேரே என் அறைக்கு வந்தான்.

“நான் சொன்னதையேதான் மேடம் கேட்ல எழுதி ஒட்டிக்கீறாங்க. இதுக்கு இன்னா பதிலு?”

பதில் இருந்தது. வழக்குப் போடலாம், சட்டத்தில் இடமிருக்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

“முடிய எத்தினி வருஷம் ஆவும் மேடம்?”

வருஷக்கணக்கில் ஆகும் என்று சொல்லும்போதே, நான் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுத்த சட்டத்தின்மீதே எனக்கு ஆத்திரம் வந்தது. “கடைசிப் பரீட்சையையாவது எழுதிடுப்பா,” என்றேன்.

“வேல தேடிக்கினு எங்க படிக்கிறது? ஊட்ல அடுப்பு எரியணுமே.”

சில வாரம் கழித்து மறுபடி வந்தான். வளைகுடாவில் வெல்டர் வேலையாம். விசா வந்துவிட்டது. எந்த நாடு என்று கேட்டேன். சொன்னான். டிவியில் தினமும் காட்டுகிற அதே நாடு.

“அங்கே சண்டை வரப்போகுதேப்பா!”

“தெரியும் மேடம்,” என்றான். “நிச்சயம் வரும்னு நான்தானே வாதாடி ஜெயிச்சேன்.”