பாலை முகர்ந்து பார்த்தவர்கள்

என் பாலை டம்ளரில் பீய்ச்ச வைத்து, தெருப் பெண்கள் கைமாற்றி முகர்ந்து பார்த்தார்கள்.

எனக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. தோலோடு தோலை ஒட்ட சொல்யூஷன் தடவ வேண்டும். அந்தப் பசையின் நெடி தலைமுடி வரை ஏறும். வயிறு நன்றாகத் தெரியும் வரை வேலைக்குப் போனேன். மகள் பிறந்தாள். மார்பில் வாயை வைப்பாள், கொஞ்சம் இழுப்பாள், நழுவிவிடுவாள், வீறிடுவாள். எனக்குக் காம்பு வெடித்து ரத்தம் வந்தது. அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது.

மாமியார் காரணம் கண்டுபிடித்தார். "சொல்யூஷன் நாத்தம் பால்ல எறங்கிக்கீது. கொழந்த எப்படிக் குடிக்கும்?"

அதற்குத்தான் அந்த டம்ளர். எதிர்வீட்டு அக்கா முகர்ந்துவிட்டு, "ஆமா, லேசா அடிக்குது" என்றாள். அவளும் ஷூ கம்பெனிதான். அவள் மூக்குக்குப் பிரியாணியிலும் சொல்யூஷன்தான் அடிக்கும். இன்னொருத்தி, "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றாள். "உனக்குச் சளி, நீ வுடு" என்று அவளை ஒதுக்கிவிட்டார்கள். என் கணவரும் வாங்கி முகர்ந்தார். மூக்கைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த மூஞ்சியை நான் மறக்க மாட்டேன்.

பிறகு, பால் கொடுக்கும் முன்பெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று உத்தரவு. வெடித்த புண்ணில் சோப்பு. முடியாது என்றால், "புள்ளய கொல்லப் பாக்குறியா?"

தடுப்பூசிக்கு அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, பிறந்த எடையைவிடக் குறைந்திருந்தாள். டாக்டரம்மா என்னைப் பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு குழந்தையின் வாயில் விரல் விட்டு நாக்கைத் தூக்கினார். அது தூக்க வரவில்லை. அடியில் ஒரு சவ்வு நுனி வரை இழுத்துப் பிடித்திருந்தது.

"நாக்கு ஒட்டியிருக்கும்மா. அதான் கவ்விப் பிடிக்க முடியல."

"பால்ல நாத்தங்க" என்றார் கூட வந்திருந்த மாமியார்.

"யார் சொன்னது?"

"தெருவே சொல்லுதுங்க."

"தெருவா பால் குடிக்குது?"

கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு. ஒரு பொட்டு ரத்தம். பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, உடனே மார்பில் போடச் சொன்னார். குழந்தையை எப்படி அணைக்க வேண்டும் என்று என் கையை நகர்த்திக் காட்டினார். சோப்பைத் தொடாதே என்றார். மகள் கவ்வினாள். எனக்குப் புண் எரிந்தது. ஆனால் அவள் விழுங்கினாள்.

வீட்டுக்கு வந்தும் மாமியார் அடங்கவில்லை. "நாக்க அவுத்து வுட்டுட்டாங்க. இனிமே இதுவும் அவ அம்மா மாதிரி வாயாடிதான்." அது போதாதென்று, "நான் சோப்புப் போடச் சொன்னேனே, அதுலதான் நாத்தமே போச்சு" என்று எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தார்.

"அத்தை, அவ முழுங்குற சத்தம் கேக்குதா?" என்றேன். "வாய மூடினா கேக்கும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மகள் இந்தப் பக்கத்தைக் காலி செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்கு அழுதாள்.