அண்ணன் நிறுத்திய மாத்திரை

எங்கள் அண்ணன் எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்காக அவருடைய நல்ல குணங்களை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். அவருடைய பிடிவாதத்தைச் சொல்லாமல் விட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய மலராகிவிடும். ஆகவே அவருடன் பிறந்த ஒரே தங்கையான நான் இரண்டையும் எழுதுகிறேன்.

அண்ணன் பனமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அப்பா சீக்கிரமே காலமாகிவிட, படிப்பைப் பாதியில் விட்டு, பிறர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போனார். பிறகு திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டி என்னைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். பிரசவ வலி என்று யார் கூப்பிட்டாலும் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நெஞ்சுவலி வந்த அன்றும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். சட்டை வியர்வையில் நனைந்தும், ஏறியிருந்தவர்களை அவரவர் இடத்தில் இறக்கிவிட்ட பிறகே ஸ்டாண்டுக்கு வந்து சாய்ந்தார். நண்பர்கள் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்துக்கு இரத்தம் போகும் குழாயில் அடைப்பு என்றார்கள். நெஞ்சைப் பிளப்பார்கள் என்று நினைத்து அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் மணிக்கட்டில் சின்னத் துளை போட்டு, அதன் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, அடைப்பு இருந்த இடத்தில் குட்டி பலூனை ஊதி விரித்தார்கள். குழாய் மறுபடி சுருங்காமலிருக்க ஸ்டென்ட் என்னும் சிறு வலைக் குழாயை உள்ளே வைத்தார்கள். அண்ணன் விழித்தபடியே படுத்திருந்தாராம்.

"டிவில என் நெஞ்ச நானே பாத்துக்கினு இருந்தேம்மா. கையில ஒரு பிளாஸ்திரி, அவ்ளோதான்" என்று மறுநாள் என்னிடம் சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்டென்டில் இரத்தம் உறையாமலிருக்கத்தான் மாத்திரை. அவர் சொல்லாமல் ஒரு நாள்கூட அதை நிறுத்தக் கூடாது.

சில மாதங்கள் அண்ணன் ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு ஊரில் திரௌபதி அம்மன் தீமிதி வந்தது. உயிர் பிழைத்ததற்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டவர், கையில் காப்புக் கயிறு கட்டி, மஞ்சள் வேட்டியுடன் கோயிலிலேயே தங்கிவிட்டார். அண்ணி மாத்திரையை எடுத்துக்கொண்டு அங்கேயே போனார்.

"இத மட்டும் முழுங்கிடுங்க."

"காப்பு கட்டிக்கினு மாத்திர சாப்ட்டா ஆத்தா மேல நம்பிக்க இல்லன்னு ஆவாதா? மிதிச்சிட்டு வந்து சாப்பிடுறேன், போ. நல்லாத்தான இருக்கேன்."

நன்றாகத்தான் இருந்தார். அதுதான் அவரை ஏமாற்றியது. தீமிதியன்று காலை குளத்தில் முழுகி எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் விழுப்புரத்துக்கு ஓடினோம். ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்திருந்தது. டாக்டர்கள் மறுபடி கம்பியைச் செலுத்திப் போராடிப் பார்த்தார்கள். அண்ணன் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினாரா என்று டாக்டர் கேட்டபோது, அண்ணி அண்ணன் கையிலிருந்த காப்பைத்தான் காட்டினார்.

எனக்கு அம்மன் மேல் வருத்தமில்லை. அண்ணன் மேல்தான் கோபம். எதிரில் இருந்தால் நன்றாகச் சண்டை போடுவேன். சண்டை போட ஆள் இல்லையே என்று நினைத்தால் அழுகைதான் வருகிறது.

முதல் முறை அவரைப் பிழைக்கவைத்து, இரண்டாம் முறையும் கைவிடாமல் பாடுபட்ட டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், இரண்டு முறையும் கூடவே நின்ற ஸ்டாண்டு நண்பர்களுக்கும், அண்ணியைத் தனியாக விடாத உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பூசாரிக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்த ஆண்டு காப்பு கட்டும் நாளில், துக்க வீட்டுக்காரர்கள் என்பதால் நானும் அண்ணியும் கோயிலுக்கு வெளியே தெருவில் நின்றோம். மஞ்சள் கயிற்றை எடுக்குமுன் பூசாரி உரக்கக் கேட்டார்.

"மாத்திர சாப்டறவங்க யாரு? கையத் தூக்குங்க. ஆத்தா முன்னாலயே முழுங்குங்க. அப்பறந்தான் காப்பு."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு கை உயர்ந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எங்கு பார்த்தாலும் கைகள்.

அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"போன வருசம் கேட்டிருந்தா உங்கண்ணனும் தூக்கியிருப்பாரும்மா."