ஒற்றைக்கண்ணிக்குத் துக்கம் கேட்டவர்கள்

மாடு செத்த வீட்டில் என்ன பேசுவது என்று எங்கள் பக்கம் ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு உட்காரலாம். அதுவும் தெரியவில்லை.

அவிநாசிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டம். வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஊரில் மற்ற ஆண்கள் வேலை விட்டு வரும்போது பூ வாங்கி வருவார்கள், பலகாரம் வாங்கி வருவார்கள். இவர் ஒருநாள் கால் நசுங்கிய நாய்க்குட்டியோடு வந்தார். வேஸ்ட் துணி மூட்டைக்குள் கிடந்ததாம். அப்புறம் ஒருநாள் ஒற்றைக்கண் கிழட்டு மாட்டோடு வந்தார். கறவை நின்றுபோனதென்று யாரோ அவிழ்த்துவிட்டு, ரோட்டோரம் குப்பை தின்றுகொண்டிருந்ததாம்.

"உட்டா அடிமாட்டுக்குக் கேரளா லாரியில ஏத்திருவாங்க, பாவம்" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"நம்ம ஊடென்ன சத்திரமுங்களா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டேதான் தவிட்டையும் கரைத்தேன்.

அந்த மாடு எங்களுக்கு ஒரு சொட்டுப் பால் கறந்ததில்லை. என் முந்தானையைச் சப்பியே இரண்டு சேலையைக் கிழித்தது. நாயாவது வீட்டைக் காத்ததா என்றால் அதுவும் இல்லை. மாட்டின் குருட்டுக் கண் பக்கமாக நொண்டிக்கொண்டே நடப்பதுதான் அதற்கு முழுநேர வேலை. ஐப்பசியில் ஏதோ ஒரு வேன் நாயை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. அது படுத்திருந்த இடத்தை மோந்து பார்த்துக்கொண்டே நின்ற மாடு, கார்த்திகையில் தீனியை நிறுத்திவிட்டது. நாய் நினைப்பாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். மாட்டு டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"வகுறு பூராத் துணிங்க. ரோட்டுல திரிஞ்சப்ப தின்னது. இந்த வயசுக்கு ஆபரேசன் தாங்காதுங்க" என்றார்.

மார்கழி பிறந்ததும் செத்துப்போனது.

பொக்லைன் வரவழைத்து வேப்பமரத்தடியில், நாயைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழி தோண்டினோம். மஞ்சளும் உப்பும் போட்டோம். வீட்டுக்காரர் உள்ளே போய், கம்பெனியிலிருந்து எப்போதோ கொண்டுவந்திருந்த வெள்ளைப் பனியன் துணியை எடுத்துவந்து மாட்டின் மேல் போர்த்தினார். எனக்கு வந்ததே கோபம்!

"ஏனுங்க, துணி தின்னு செத்ததுக்குத் துணியவே போத்தறீங்களே, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதுங்களா?"

மனுஷன் துணியை எடுத்து, கம்பெனியில் மடிக்கிற மாதிரியே ஓரம் சேர்த்து மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். அந்த நேரத்திலும் ஓரம் சேர்த்து மடிக்கிற ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மண்ணைத் தள்ளியதும் நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அன்றைக்கென்று வந்திருந்த வீட்டுக்காரரின் அக்கா, ஈரத்தலையோடு என்னைப் பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்தார்.

"மாட்டுக்குப் போயித் தலைக்குத் தண்ணி வாத்துக்குவாங்களா? ஆருக்காச்சும் தெரிஞ்சா சிரிப்பாங்க கண்ணு. தை பொறந்தா வேறொண்ணு வாங்கிக் கட்டு."

சாப்பிட்டுவிட்டு, "செரி, போயிட்டு வர்றேன் கண்ணு" என்று பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரரோடு வேலை செய்கிற ஒருவர் பைக்கில் வந்தார். செல்போனில் ஷிப்மென்ட்டைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, "எத்தன லிட்டர் கறந்துச்சுங்க?" என்றார். கறக்கவே இல்லை என்றதும், "அப்புறம் என்னத்துக்குங்க வெச்சிருந்தீங்க?" என்று சிரித்தார். போகும்போது அவரும் கையை ஆட்டி, "போயிட்டு வர்றேனுங்க!"

இழவு வீட்டில் யாராவது அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? எழுந்து பேசாமல் போவதுதானே முறை. எனக்கு யாருடைய ஆறுதலும் வேண்டியிருக்கவில்லை. இந்த வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கிறது என்று ஒரே ஒருத்தர் ஒத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. ஒத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

அன்று சாயங்காலம் மேற்குத் தோட்டத்துக்காரர் வந்தார். சரிதான், இதுவேறா என்று பற்றிக்கொண்டு வந்தது. ஒற்றைக்கண்ணி வேலி தாண்டி அவர் சோளக்காட்டில் வாய் வைத்ததற்காக அவர் எங்களோடு போடாத சண்டை இல்லை. ஒருமுறை மாட்டைப் பிடித்து அவர் கட்டுத்தறியில் கட்டிவைத்து, பொழுது சாயும்வரை அவிழ்த்துவிடவில்லை. நாய் அங்கேயே படுத்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"குழி ஆழமாத்தான் தோண்டுனீங்களா?"

"ஆமாங்க."

"நாய்க்குப் பக்கத்துலயா?"

"ஆமாங்க, பக்கத்துலதான்."

கொஞ்ச நேரம் வேப்பமரத்தையே பார்த்தார். பிறகு, "எஞ்சோளத்துல பாதி அதும்பட வகுத்துலதான் போச்சு" என்றார்.

"செத்ததுக்கப்பறமும் அதே பேச்சுங்களா?" என்று வெடித்துவிட்டேன். ஆனாலும் மரியாதைக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் நடந்துவிட்டார்.

"பாத்தீங்களா அந்தாளுக்கு இருக்கற கொழுப்ப? போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்த சொன்னா வாயிலிருந்து முத்தா உதுந்துரும்? நம்ம ஊட்டுக் காப்பி கசக்குதா?" என்று டம்ளரை எடுத்தேன். வீட்டுக்காரர் மட்டும் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார்.

வேலிக்கு அந்தப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சொம்பு மோதும் சத்தம் கேட்டது. மேற்குத் தோட்டத்துக்காரர் இடுப்பு வேட்டியோடு நின்று தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். இளைப்புக்காரர். கோடையிலேயே சுடுதண்ணீர் இல்லாமல் குளிக்கமாட்டார். அவர் சம்சாரம் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து கத்தினார்.

"ஏனுங்க, மார்கழிக் குளுருல பச்சத் தண்ணியத் தலைக்கு ஊத்தறீங்களே, புத்தி கெட்டுப்போச்சுங்களா?"

"எழவு ஊட்டுக்குப் போயிட்டு அப்படியே உள்ள வரச் சொல்றியா?" என்றார் அவர், இருமிக்கொண்டே.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். வேலிக்கு அந்தப்புறத்து மனுஷனிடம் இனிமேல் நான் எப்படிச் சண்டை போடுவது?