மரவள்ளிக் கடையின் தலைமைச் சமையற்காரர்

சாப்பாட்டுக் கடை நடத்துகிறவளுக்கு நாக்கு எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம், காது மட்டும் செவிடாக இருக்க வேண்டும். சாப்பிட வந்தவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு கையில் கரண்டியோடு நிற்பது யாருக்கும் நல்லதல்ல. தினமும் அடுப்படியில் வெந்து, "இன்னிக்கும் இதுதானா?" என்ற கேள்வியை வாங்கிக் கட்டிக்கொள்ளும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் கடை நடத்தியது மலாயாவில், ரெங்கத்தில், சப்பான்காரன் காலத்தில். என் வீட்டுக்காரர் வைரவன் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டு நிறுத்துக்கொண்டிருந்தவர். வெள்ளைக்காரன் ஓடினான், ரப்பரை வாங்க ஆளில்லை, ஸ்டோரைப் பூட்டினார்கள். வேலையில்லாத ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. ஆள் பிடிக்கும் ஆபீசில் கணக்கு எழுதிய சபாபதி கிராணிதான் ஒரு வழி சொன்னார். ஸ்டேஷன் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை வேண்டும் என்று மேலே நினைக்கிறார்களாம், அதில் சமைக்கிறவனைத் தொடமாட்டார்களாம். அன்றைக்கே என் வீட்டுக்காரர் தலைமைச் சமையற்காரர் ஆகிவிட்டார். ஒரே ஒரு சிக்கல், அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அதனால் அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கரண்டியோடு முன்னால் நிற்பார். நான் சாக்குத் திரைக்குப் பின்னால் சமைப்பேன். கிராணியைத் தவிர வெளியே யாருக்காவது இது தெரிந்தால் அவர் சயாமுக்குப் போக வேண்டியதுதான். நான் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டேதான் அடுப்பு மூட்டினேன்.

சுத்த சைவம்

எங்கள் கடை சைவக் கடை. பக்தி ஒன்றும் காரணம் இல்லை. இருந்த கோழிகளை மலாய்க் கம்பத்து வீடுகளில் ஒளித்து வைத்திருந்தார்கள், ஆடுகள் யார் வயிற்றிலோ இருந்தன. பால் இல்லை, தயிர் இல்லை, நெய்யின் வாசனைகூட மறந்துவிட்டது. தேங்காயைத் துருவி, இரண்டாவதாகப் பிழிந்த தண்ணிப் பாலில் எலுமிச்சை விட்டு, இஞ்சியும் பச்சை மிளகாயும் நசுக்கிப் போட்டு, கறிவேப்பிலையைக் கையால் கசக்கிவிட்டால் அதுதான் மோர். வீட்டில் செய்து பாருங்கள், மாட்டுக்குத் தெரிய வேண்டாம்.

எங்கள் முதல் வாடிக்கை ஒரு செட்டியார். குடும்பம் செட்டிநாட்டில், கப்பல் இல்லை, தொழில் முடங்கிவிட்டது. அவரிடம் மிச்சமிருந்தது நாக்கு மட்டும்தான். அந்த நாக்குக்கு ஊரில் யார் சமைத்தாலும் பிடிக்காது. ஒவ்வொரு பாத்திரத்தையும் மோந்து பார்த்து, "சுத்த சைவந்தானே, ஆத்தா?" என்று கேட்டார். "மோர்கூட மாட்டெப் பாக்காத மோருங்க" என்றேன். ஒரு மடக்குக் குடித்தார், பெருமூச்சு விட்டார். "சைவம்னா நாம கவிச்சியெ விடணும், ஆத்தா. இது கவிச்சி நம்மளெ விட்டுட்டுப் போனதுல்ல?"

பருப்பைத் தேடியவர்

பருப்பு கிடைக்காத நாளில் சாம்பார் கேட்பவர்களுக்குப் பரங்கிக்காய்தான் மருந்து. நன்றாகப் பழுத்ததாக எடுத்து, மஞ்சள் போட்டுக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்துவிடுங்கள். புளித்தண்ணி, கத்தரிக்காய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. தாளிக்கச் சிவப்புப் பனையெண்ணெய். நிறமும் பதமும் பருப்புச் சாம்பாரைப் போலவே இருக்கும், வாயைத் திறக்காமல் பரிமாறினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிற ஒருவர் கண்டுபிடித்தார். இலை முழுக்க விரலால் துழாவி, "பருப்பு எங்க? ஒண்ணுகூடக் கையில அகப்படலியே!" என்று கடையே கேட்கும்படி கத்தினார். என் வீட்டுக்காரர் திரைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு மாவாட்டிக் கொடுக்கத் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து வரும் கருப்பாயிதான் காப்பாற்றினாள். அவள் புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஆனாலும் அவள் வாய்த்துடுக்கு குறையவில்லை. ஆட்டுக்கல்லை நிறுத்தாமலே பதில் சொன்னாள்: "பருப்பு ரங்கூன்ல இருக்குண்ணே. நீங்க போயி எடுத்துக்கிட்டு வாங்க, நாங்க சட்டியெ எறக்காம வச்சிருக்கோம்."

காக்கை வராத திதி

செட்டியாரின் அப்பாவுக்குத் திதி வந்தது. அரிசி கிடையாது. மரவள்ளிப் புட்டு, மரவள்ளி வடை, மரவள்ளியைத் துருவிப் பிழிந்து தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்த பாயசம் என்று இலை முழுக்க ஒரே கிழங்கின் அவதாரங்களாகப் படைத்தேன். அன்றைக்கு வந்த எல்லாரையும் அவரே பந்தியில் உட்காரவைத்திருந்தார். காக்கை வந்து தொட்டால்தான் யாரும் சாப்பிடலாம்.

காக்கைகள் வந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்தன. பறந்துவிட்டன. என் வீட்டுக்காரர் கெஞ்சலாகவும் அதட்டலாகவும் கொஞ்சலாகவும் "கா, கா" என்று கத்தித் தொண்டை கட்டிப்போனார். பந்தியில் இருந்தவர்கள் பசியில் காக்கையைச் சபிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் யாரோ ஒளித்து வைத்திருந்த கோழி ஒன்று தப்பித்து வந்து இலையில் ஏறி, புட்டை வாரித் தின்றது. இது கணக்கில் சேருமா சேராதா என்று கடையே இரண்டுபட்டது. செட்டியார் கையைத் தூக்கித் தீர்ப்பு சொன்னார்: "எங்கப்பச்சி உசுரோட இருந்தப்பவே மரவள்ளியெத் தொடமாட்டாக, அவுக வரமாட்டாக. வந்தது எங்க பங்காளி, அவுகதான் கூப்பிடாம வந்து தின்பாக. எல்லாரும் சாப்பிடுங்க."

எலும்பு எங்கே?

பலாப்பிஞ்சைக் கனத்த துண்டுகளாக நறுக்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, அரைவேக்காடாக அவித்துக்கொள்ளுங்கள். மிளகு, சோம்பு, இஞ்சி, பூண்டு, கொல்லையில் முளைத்த, எலுமிச்சை மணமடிக்கும் செராய்ப் புல் எல்லாவற்றையும் அரைத்து வதக்கித் தேங்காய்ப்பாலில் கொதிக்க விட்டால் தெருமுனை வரை கறிக்குழம்பு மணக்கும். மணந்ததுதான் வம்பு. கள்ளத்தனமாக ஆடு வெட்டுவது குற்றம், ஆபீசிலிருந்து சபாபதி கிராணி விசாரிக்க வந்துவிட்டார்.

பலாப்பிஞ்சு என்று சொன்னேன். நம்பவில்லை. சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று உட்கார்ந்தார். இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று மறுபடி வாங்கினார். சட்டியின் அடியிலும் சந்தேகம் இருக்கிறது என்று அதையும் வழித்தார். கைகழுவி, ஏப்பம் விட்டு, கொல்லைப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "எல்லாம் சரிம்மா. எலும்பெ எங்க பொதைச்சீங்க?"

குறிப்பு கேட்டு வந்தவர்கள்

கடைக்குப் பேர் வந்ததும் லயத்துப் பெண்கள் பக்குவம் கேட்டு வர ஆரம்பித்தார்கள். என்னிடம் இல்லை, தலைமைச் சமையற்காரரிடம். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு அள்ளிவிடுவார். நான் திரைக்குப் பின்னால் இருந்து, சரி என்றால் கரண்டியைத் தட்டுவேன், தப்பு என்றால் செம்பைக் கீழே போடுவேன். அந்த நாளில் எங்கள் செம்பு நசுங்காத இடமே இல்லை.

ஒருநாள் மரவள்ளி இலைப் பொரியலுக்கு, "பறிச்ச கையோட அப்படியே வதக்கிறணும், அப்பத்தான் சத்து" என்று சொல்லிவிட்டார். செம்பைப் போட்டேன். கேட்கவில்லை. அண்டாவையே உருட்டிவிட்டு வெளியே ஓடிவந்தேன். மரவள்ளி இலையை இடித்து, நிறைய தண்ணீரில் நெடுநேரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டோடு படுத்துவிடுவீர்கள். நீங்களும் மறக்காதீர்கள். பெண்கள் போன பிறகு சண்டை போடலாம் என்று திரும்பினேன். அவர் சட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி நின்றார். "இன்னிக்கு உப்புக் கம்மி மீனாட்சி. இதுக்குத்தான் நானே செய்யணும்கிறது."

உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி

ஒரு காலை வேளையில் கிராணி ஒரு சப்பான் ஆபீசரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சில் செட்டியார் மட்டும் இருந்தார். "வைரவன் சமைக்கிறதெ ஆபீசர் பாக்கணுமாம். பொம்பளைங்க வெளிய போங்க" என்றார் கிராணி. யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். என் வீட்டுக்காரருக்கு அடுப்பில் எந்தப் பக்கம் விறகு வைப்பது என்றுகூடத் தெரியாது.

வாசலில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது, அதோடு ஒரு யோசனையும் வந்தது. புருஷன்மாரைப் பிடித்துப் போகும்போது பெண்கள் ஒப்பாரி வைப்பது அந்த ஆபீசருக்குப் பழகிப்போன சத்தம், சந்தேகப்பட மாட்டார். உயிரோடு நிற்கிறவருக்கு ஒப்பாரி வைப்பது ஆகாதுதான், ஆனால் அவர் சயாமுக்குப் போவது அதைவிட ஆகாது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எடுத்தேன்:

"என்னெ ஆண்ட மன்னவரே!
தோலெ உரிச்சுத் துண்டுபோட்டுத்
தண்ணியில போடலையோ!
வெந்த தண்ணி வடிச்சுக் கொட்ட
வேளை வந்து சேரலையோ!"

கருப்பாயி பதறிப்போய் என் வாயைப் பொத்த வந்தாள். விஷயம் புரிந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவளும் சேர்ந்து பாடினாள். உள்ளே என் வீட்டுக்காரர், தன் ஒப்பாரியைத் தானே கேட்டுத் தாரைதாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டு கிழங்கு உரித்தார்.

என்னை அதட்டுவது போலக் கிராணி வாசலுக்கு வந்தார். சிரிப்பை அடக்கி அவர் முகமே கோணியிருந்தது. குனிந்து சொன்னார்: "அலாமாக், ஏம்மா இவ்வளோ நல்லா சொல்லிக் குடுக்கறே? யாரும் காட்டிக் குடுக்கலெலா. சயாம்ல இவங்க முகாமுக்குச் சமையல்காரன் வேணுமாம். நல்லா இருந்துச்சுன்னா இன்னிக்கே ரயிலு."

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நன்றாகச் சமைத்தால் சமையற்காரனாகச் சயாம். சமைக்கவே தெரியாது என்று தெரிந்தால் கூலியாகச் சயாம். சமையற்காரன்தான், ஆனால் வாயில் வைக்க முடியாத சமையற்காரன் என்று ஆக வேண்டும். மார்பில் அடித்துக்கொண்டு மெட்டை மாற்றினேன்:

"உப்பெத் தொட வேணாமின்னு
ஒருத்தருமே சொல்லலையோ!
புளியெ அள்ளிக் கொட்டிவிடப்
புத்தி வந்து சேரலையோ!"

சொன்னதைச் சொன்னபடி செய்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். மரவள்ளி மசியலில் விழுந்த உப்பு அவர் கண்ணீர் மட்டும்தான். ஆபீசர் ஒரு வாய் வைத்தார், ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. துப்பிவிட்டு, "இதையா மனிதர்கள் தின்கிறார்கள்?" என்று கேட்டதாகக் கிராணி சொன்னார், சொல்லிக்கொண்டே செட்டியாருக்கு ஒரு பெரிய இலையாகப் போடச் சொன்னார். ஊரில் யார் சமையலும் பிடிக்காத அந்த மனிதர், முகம் சுளிக்காமல் கடைசிக் கவளம் வரை சாப்பிட்டு, விரலை நக்கி, "பேஷ்!" என்றார். அவரை நான் அப்போது கும்பிட்டேன், இப்போதும் கும்பிடுகிறேன். ஆபீசர் ஏதோ சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். "இந்த ஊர்க்காரங்க இந்த ஊர்லயே இருந்து இதையே தின்னட்டுமாம்" என்று சொல்லிவிட்டுக் கிராணியும் பின்னாலேயே ஓடினார்.

லாரி போன பிறகும் கருப்பாயி நிறுத்தவில்லை. "எல்லாம் முடிஞ்சுதுடி" என்றேன். "நீங்க சமையலுக்கு அழுதீங்கக்கா. நான் எங்காளுக்கு அழுதேன்" என்றாள். அவள் புருஷன் போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன், இந்தத் தடவை பக்குவம் எதுவும் சொல்லாமல். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த செட்டியார் எழுந்து வந்து, சட்டியில் மிச்சமிருந்ததை ஒரு துண்டு இலையில் வைத்து அவளிடம் நீட்டினார். "இந்தா கருப்பாயி, ஒரு வாய் தின்னு. எதுக்கு அழுதோம்கிறதே மறந்துபோயிரும்." அவள் ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

பெண்டாட்டியின் கைமணத்தால் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ இருக்கலாம், எங்கள் குடும்பம் மட்டும் புருஷனின் கைநாற்றத்தால் பிழைத்தது.