ஓடைக்கரையில் நின்ற கரி பஸ்

போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போக ஓர் ஆட்டோ பிடித்தேன். ஏறி உட்கார்ந்ததுமே முட்டைக்கோஸ் அழுகின மாதிரி ஒரு நாற்றம். "என்னப்பா இது?" என்றேன். ஓட்டுகிறவனுக்கு என் பேரன் வயது. கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிற பிள்ளை.

"கேஸ் வண்டி அம்மா. பெட்ரோல் போட்டுக் கட்டுப்படி ஆகல்ல, மாத்திட்டேன். கேஸுக்கு வாசனையே கிடையாதாம். லீக் ஆனா ஜனங்களுக்குத் தெரியணும்னு பேக்கந்தலே நாத்தத்தைச் சேர்த்திருக்காங்க."

பேக்கந்தலே என்றால் வேண்டுமென்றே. நான் முந்தானையால் மூக்கை மூடியதைப் பார்த்து, பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். "பயப்படாதீங்கம்மா, ஸ்வல்ப தூரம்தானே" என்று தைரியம் சொன்னான். எனக்குப் பயமில்லை. வேண்டுமென்றே நாற்றம் சேர்க்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அது எப்போது தோன்றியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிடித்த நாற்றம் வேறு. சிரிக்காதீர்கள், பெட்ரோல். இளவயதில் லூர்து மச்சான் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாலே எனக்கு உள்ளே தெரிந்துவிடும். வொர்க்‌ஷாப்பில் கை கழுவுவதே பெட்ரோலில்தான். சட்டையைத் துவைத்தாலும் அந்த வாசனை போகாது. மல்லிகைப்பூவுக்கும் சந்தனத்துக்கும் மயங்குகிற பெண்களைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு வாய்த்தது இது.

லூர்து மச்சான் என் தாய்மாமன் மகன். கொள்ளேகாலுக்கு அப்பால் மார்டள்ளியில் மாமாவுக்கு மானாவாரி நிலம். நிலத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மச்சான் பம்பாய்க்கு ஓடி, அங்கே கப்பலில் ஏறி, கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே ஒரு காரேஜில் சில வருஷம் வேலை. யுத்தம் ஆரம்பிக்கிறதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வந்து, மைசூரில் ஒரு வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். ஊரில் அவரை அமெரிக்கா லூர்து என்பார்கள். அவர் கொண்டுவந்த அமெரிக்கா என்னவோ ஒரு தோல் தொப்பியும், இரண்டு ஸ்பேனரும், ஓயாத பேச்சும்தான்.

நாங்கள் மைசூரில் லஷ்கர் மொஹல்லாவில், பெரிய சர்ச் மணி கேட்கிற தூரத்தில் குடியிருந்தோம். அம்மா, சூசை அண்ணன், நான். அப்பா இல்லை. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகிக்கொண்டிருந்தேன். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில் நடக்கும்போது என்னை நானே ராணி என்று நினைத்துக்கொள்வேன். ஊசியைக் கண்டால் மட்டும் ராணிக்குக் கை நடுங்கும்.

அண்ணன் மைசூர் – கொள்ளேகால் லைனில் பஸ் டிரைவர். கொள்ளேகால் அப்போது கோயம்புத்தூர் ஜில்லா. தினமும் மகாராஜாவின் சமஸ்தானத்தை விட்டு வெள்ளைக்காரன் ராஜ்யத்துக்குப் போய்த் திரும்புகிறவர் அவர். இரண்டு ராஜ்யத்திலும் தூசி ஒரே தூசிதான் என்பார்.

யுத்தம் வந்ததும் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பிறகு கூப்பனுக்கும் பெட்ரோல் வரவில்லை. பஸ்களின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயை மாட்டிக் கரி பஸ் ஆக்கினார்கள். பாய்லர் என்று எல்லாரும் சொன்னது அதைத்தான். கரியைக் கொட்டிக் கொளுத்தி, பக்கத்திலிருக்கிற விசிறியைக் கை ஓய்கிற வரைக்கும் சுற்றினால், உள்ளே உண்டாகிற காற்றை இழுத்துக்கொண்டு எஞ்சின் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளவேண்டும். வெள்ளை வேட்டியோடு ஏறியவர் கொள்ளேகாலில் இறங்கும்போது அடுப்பு ஊதிவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மச்சான் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் அமெரிக்காவுக்கும் மைசூருக்கும் சண்டை. அம்மா களி உருண்டையைத் தட்டில் வைப்பதற்குள் ஆரம்பித்துவிடும்.

"அங்கெல்லாம் ரோட்டுக்கு ரோடு பெட்ரோல் பம்பு மாப்ளே. உச்சியில கண்ணாடிக் கூண்டு. பெட்ரோல் நெறையறது கண்ணுக்குத் தெரியும். செவப்பு, பச்சைன்னு கலர் வேற போட்டு வச்சிருப்பான்."

"அப்ப அங்க பஸ்ஸுல கார்ல யாரும் சாகறதே இல்லியா?" என்பார் அண்ணன்.

"ஏன் சாகாம? ரோடு நல்லா இருக்குதேன்னு வேகமா ஓட்டிச் சாவாங்க. குடும்பத்தோட பூசைக்குப் போறப்ப ரயில்ல மோதிச் சாவாங்க."

"பாத்தியா! என் வண்டி மாட்டு வண்டி வேகத்துல போவுது. அது யாரைக் கொல்லும்?"

அண்ணன் கரியின் கட்சியில் இருந்ததற்குக் காரணம் இருந்தது. யுத்தத்துக்கு முன்னால், அவரோடு சேர்ந்து வேலை பழகின ஒருவர் பஸ்ஸோடு எரிந்துபோனார். சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டின் வைத்திருந்தார்களாம். அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. "மூஞ்சியே இல்ல மாப்ளே" என்று அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் சொல்வார்.

மச்சான் அதைக் கேட்டுக்கொண்டே களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்ப்பார். பிறகு மெதுவாகச் சொல்வார்: "பெட்ரோல் கொல்ல வந்தா கத்திக்கிட்டு வரும். நெருப்பு தெரியும், பொகை தெரியும், குதிச்சு ஓடிரலாம். கரிக்காத்து அப்பிடி இல்ல. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. வண்டி ஓடறப்ப எஞ்சின் அதை இழுத்துக்கும். நின்னா அது எங்க போகும்? கரி உள்ள எரிஞ்சிட்டுத்தானே இருக்கும்?"

"சும்னிரு மாப்ளே, சாப்புடறப்ப" என்று அண்ணன் அடக்கிவிடுவார். ஆனால் காதில் போட்டுக்கொள்ளாமல் இல்லை. வண்டி எங்கே நின்றாலும் பக்கத்துப் படுதாக்களைச் சுருட்டிக் கட்டிவிடுவார், பயணிகளை இறங்கி நிற்கச் சொல்லுவார். டிரைவருக்குக் கிறுக்கு என்று அந்த லைனில் பேர்.

இந்த வாதத்தில் நான் எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். அண்ணன் பேசும்போது கரிக்குத் தலையாட்டுவேன், மச்சான் பேசும்போது அமெரிக்காவுக்குத் தலையாட்டுவேன். எனக்கும் மச்சானுக்கும் கல்யாணம் பேசியாகிவிட்டது. உறவுமுறைக்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கி, கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையும் வாசித்துவிட்டார்கள்.

கல்யாண ஏற்பாட்டுக்கு அம்மா முன்னாலேயே மார்டள்ளிக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரி மேட்ரன் எனக்கு லீவு கொடுத்த பிறகு, அண்ணன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே நானும் மச்சானும் காலையில் கிளம்பினோம். யுத்தகால வேலை என்று மச்சான் வொர்க்‌ஷாப்பில் ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு நேரே வந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து, நரசீபுரம் வரைக்கும் தூங்காமலிருக்கப் படாத பாடு பட்டார். நான் இருக்கிறேனே என்றுதான். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

நரசீபுரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறினாள். நிறைமாதம். உட்கார இடமில்லை. மச்சான் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். பின்பக்கம், பாய்லரை ஒட்டின பெஞ்சில் ஓர் ஓரம் காலியாக இருந்தது.

"நான் பின்னாடி போயித் தூங்கறேன். கொள்ளேகால் வந்தா எழுப்பு" என்றார்.

அதற்கப்புறம் மழை. எல்லாரும் படுதாக்களை இறக்கிவிட்டார்கள். பாதி வழியில் ரோடு ஓர் ஓடைக்குள் இறங்கி ஏறும். பாலம் கிடையாது. அன்றைக்கு ரோட்டின் மேல் செம்மண் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் எறங்கிக்கங்க, அந்தப் புளியமரத்தடியில நிக்கலாம்" என்று தமிழிலும் கன்னடத்திலும் சொன்னார். அந்த மழையில் யார் இறங்குவார்கள்? ஒருவர் சிரித்தார். அண்ணன் நனைந்துகொண்டே பின்னால் போய்ப் படுதாவைச் சுருட்டிக் கட்டினார். பிறகு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, தண்ணீரின் ஆழம் பார்க்கக் கழியோடு ஓடைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும், சாரல் அடிக்கிறது என்று பின் பெஞ்சில் இருந்தவர்கள் படுதாவை மறுபடி இறக்கிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நனைந்தால் யாருக்கும் குளிரும்.

எனக்குத் தலை வலித்தது. காலையில் சாப்பிடாததுதான் என்று நினைத்தேன். எதிரே இருந்த பெண் என் கையைத் தொட்டாள். "அக்கா, தலை கிறுகிறுங்குதுங்க. கீழ எறங்கலாமுங்களா?"

நர்ஸ் அல்லவா, பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று முடிவு கட்டி, கைத்தாங்கலாக மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். அவள் வாந்தியெடுத்தாள். தலையைப் பிடித்துக்கொண்டிருந்த நானும் வாந்தியெடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. அவளுக்குக் காரணம் இருக்கிறது. எனக்கு என்ன காரணம்? களித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மச்சான் சொன்னது அத்தனையும் ஒரே மூச்சில் ஞாபகம் வந்தது.

அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஓடி வந்தார். படுதாக்களை அறுத்து எறிந்தார். முன்னால் இருந்தவர்கள் தள்ளாடிக்கொண்டு தாங்களே இறங்கினார்கள். பின் பெஞ்சில் மூன்று பேர் எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்து மழையில் கிடத்தினோம். ஒரு நெல் வியாபாரி, ஒரு கிழவர். இருவருக்கும் காற்றுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. மூன்றாவது ஆள் மச்சான். பாய்லருக்குப் பக்கத்திலேயே, அதன் மூடிக்கு நேர் எதிரில் தலை சாய்த்திருந்தார். பஸ் நின்றதே அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் முதலில் இறங்குகிறவர் அவர்தான்.

குப்புறப் படுக்கவைத்து, முட்டி போட்டு, முதுகை அழுத்தி விட்டு அழுத்தி விட்டு மூச்சு வரவைக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செய்தேன். கை நடுங்கவில்லை. நகமும் உதடும் நல்ல சிவப்பாக இருந்ததால் உயிர் இருக்கிறது என்று நம்பினேன். அந்தக் காற்று கொடுக்கிற நிறமே அதுதான் என்று மேட்ரன் பிறகுதான் சொன்னார். கொள்ளேகால் வந்தால் எழுப்பு என்றாரே, இன்னும் கொள்ளேகால் வரவில்லையே என்று மட்டும் மனசில் ஓடியது. வேறு ஒன்றும் ஓடவில்லை.

"சாக்கும்மா, விடு. சாக்கு" என்றார் அண்ணன். போதும் என்பதை அவர் என்னிடம் கன்னடத்தில் சொன்னது அன்றைக்குத்தான்.

தண்ணீர் வடிந்தது. வேறு வண்டி கிடையாது. அதே பஸ்ஸில், அதே கரியில், விசிறியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பி, படுதா இல்லாமல் நனைந்துகொண்டு எல்லாரும் கொள்ளேகால் போனோம். மச்சானை இரண்டு சீட்டுக்கு நடுவே கிடத்தியிருந்தோம். அந்தக் கர்ப்பிணிப் பெண் வழியெல்லாம் அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அங்கிருந்து மாட்டு வண்டியில் மார்டள்ளி. கல்யாணத்துக்கு வெள்ளையடித்த வீடு. மாமா தன் மகனுடைய முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "தூங்கறாப்பலயே இருக்கறான். சமுத்திரம் தாண்டிப் போயி வந்தவனுக்கு ஒரு ஓடை தாண்ட முடியலியா?" என்றார். மூஞ்சி இருந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அழவில்லை. அடக்கத்துக்குப் பிறகு களி போட்டார்கள்; சாப்பிட்டேன், இன்னோர் உருண்டை கேட்டேன். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இருக்கலாம் என்று பட்டது. லீவு முடியுமுன்பே வேலைக்குத் திரும்பினேன். மேட்ரன் என்னைப் பிரசவ வார்டில் போட்டார். அதற்கப்புறம் எந்த ஊசிக்கும் என் கை நடுங்கியதில்லை. நல்ல நர்ஸ் என்று பெயர் வாங்கினேன்.

விசாரணை என்று ஒருவர் வந்து பாய்லரைத் தட்டிப் பார்த்தார். காற்றுக் கசியாமலிருக்க மூடிக்கு அடியில் வைத்திருந்த கயிறு இறுகிப்போய் இடைவெளி விழுந்திருந்ததாம். புதுக் கயிறு வைத்து, வேறு டிரைவரைப் போட்டுப் பஸ்ஸை விட்டார்கள். அண்ணன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஒரு பட்டு நெசவு ஆலையில் காவல் வேலைக்குப் போனார். சாகிற வரைக்கும் எங்கே போனாலும் சைக்கிள்தான். சாப்பிடும்போது எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. மச்சானுடைய தட்டை மட்டும் அம்மா கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிட்டு, மறுபடி அலமாரியில் வைப்பார்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்தது. பாய்லர்களைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டார்கள். எனக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு கல்யாணம் ஆயிற்று. நல்ல மனுஷர், கேட்டதைக் கொடுத்தார், கேட்காததைக் கிளறவில்லை. அவரும் போய்விட்டார்.

இப்போது கொள்ளேகால் கர்நாடகம். லஷ்கர் மொஹல்லா வீடு இருந்த இடத்தில் செருப்புக்கடை. மச்சான் களித் தட்டுக்கு முன்னால் சொன்னதெல்லாம் வார்த்தை வார்த்தையாக ஞாபகமிருக்கிறது. எந்தக் குரலில் சொன்னார் என்று கேட்டால் தெரியவில்லை. பேத்தியின் காரில் இரண்டு தரம் அந்த வழியாகப் போயிருக்கிறேன். ஓடைகளுக்கெல்லாம் பாலம் கட்டிவிட்டார்கள். புளியமரங்களை ரோட்டை அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். அந்த ஓடைக்கு எந்தப் பாலம் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மழை பெய்தாலும் அங்கே இப்போது எந்த வண்டியும் நிற்பதில்லை. இதுவா என்று நினைப்பதற்குள் கார் தாண்டிவிட்டது.